பதினோரு வருஷத்து முதுகுவலி

சூப்பர்வைசருக்கு இருந்தது சாதாரண முதுகுவலி இல்லை. இல்லாத முதுகுவலி. இருக்கிற வலியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் முனகலாம். இல்லாத வலியைப் பதினோரு வருஷம் கட்டிக் காப்பதற்குத்தான் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

அது பிறந்தது அவர் ரிட்டயரான முதல் வாரத்தில். வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பகலிலும் இருக்கிறான் என்று தெரிந்ததும் மனைவி பீரோவை அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நகர்த்தச் சொன்னாள். குனிந்தார். "அம்மா" என்றார். அப்படியே கேள்விக்குறிபோல் நின்றுவிட்டார். அன்றைக்கு வந்தது நிஜமான சுளுக்குத்தான், அதில் பொய்யில்லை. மூன்று நாளில் அது போய்விட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் சிலிண்டரை வேறு யாரோ தூக்கினார்கள், தண்ணீர்க் கேனை வேறு யாரோ சுமந்தார்கள், ஒட்டடையை வேறு யாரோ அடித்தார்கள். அந்த 'வேறு யாரோ' பெரும்பாலும் மனைவிதான். நாலாம் நாள் வலி விடைபெற்றுக்கொண்டபோது, சூப்பர்வைசர்தான் அதற்கு விடை கொடுக்கவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரு காகிதக் கம்பெனியின் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர். ஊரிலுள்ள பாதிக் காகிதம் அவர் கண்முன்னால் ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு தாளைக்கூட அவர் தூக்கியதில்லை. "பாத்து, பாத்து, மெதுவா" என்று சொல்வதுதான் உத்தியோகம். சீட்டை எழுதுவது குமாஸ்தா, கையெழுத்துப் போடுவது இவர், எழுதியதை வாசிப்பது யாருமில்லை. இப்படி வாழ்ந்த மனிதரைப் பீரோ தள்ளச் சொன்னால் முதுகு என்ன செய்யும்?

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும். அது அவரிடம் இல்லை. திங்கட்கிழமை இடது பக்கம் வலித்தது செவ்வாய்க்கிழமை வலது பக்கம் போய்விட்டால் மானம் போய்விடும். அதனால் கிடங்குப் பழக்கப்படி ஒரு பதிவேடு வைத்தார். தேதி, இடம், கடுமை. 'இடது இடுப்பு, கடுமை.' 'வலது, தோளுக்குக் கீழே, மிகக் கடுமை.' புதன், சனி மாலைகளில் மட்டும், நூலகத்துப் பின்கட்டில் சீட்டாட்டம் நடக்கும் நாட்கள் என்பதால், 'இல்லை' என்று நேர்மையாக எழுதினார். பதினோரு வருஷத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின.

இந்த நல்ல வாழ்க்கைக்கு உலைவைத்தது ஒரு பூசணிக்காய்.

கொண்டுவந்தவர் சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். தோட்டத்தில் தாமே கொத்தி, தாமே நட்டு, தாமே பறித்து, தாமே சுமந்து வந்து கூடத்து மேசைமேல் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் போன பிறகும் மூன்று நாள் அந்தப் பூசணிக்காய் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மனைவி அதை நறுக்கவில்லை. சாய்வு நாற்காலியில் படுத்தால் நேராக அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

"எழுபத்திரண்டு வயசு" என்றாள் மனைவி, தையல் மிஷினை நிறுத்தாமல்.

"பூசணிக்காய்க்கா?"

"உங்க சகலைக்கு."

"அவருக்கு உடம்பு வாகு அப்படி."

"உங்களைவிட மூணு வயசு மூத்தவர்."

"மூத்தவங்க முன்னால போகட்டும். நான் மெதுவா வர்றேன்."

"வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மாக் கிடக்கு."

"கிடக்கட்டுமே. யாருக்கு என்ன தொந்தரவு?"

"வீட்ல சும்மாக் கிடக்கிறது ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ரெண்டாவது எதுக்கு?"

மனைவி தையற்காரி. முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்கே உடுப்புத் தைப்பவள். அளவாக வெட்டுவாள், பேச்சிலும் அப்படித்தான். சூப்பர்வைசர் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்து, முகத்தில் வேதனையை வரவழைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இந்த முதுகு மட்டும் ஒழுங்கா இருந்தா, பின்னாடி ஒரு காட்டையே வளர்த்திருப்பேன்."

"முதுகுதான் தடைங்கிறீங்க."

"வேற என்ன?"

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யை அவர் கவனித்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருஷ இல்லறத்தில் அவள் 'சரி' என்று சொன்ன பிறகு எதுவும் சரியாக நடந்ததில்லை.

மறுநாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. பக்கத்துக் கல்லூரியின் அறிவிப்பு. முதியோரும் மாணவரும் சேர்ந்து தோட்டம் போடும் திட்டமாம். இடம் முதியவருடையது. மாணவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம் வீடு தேடி வருவார்கள். அவர்களுக்கு அது பாடத்தில் ஒரு பகுதி. கூலி கிடையாது. அறிவிப்பில் இன்னும் பத்து வரி இருந்தது. சூப்பர்வைசருக்கு இவ்வளவே போதுமாக இருந்தது. 'சேர்ந்து' என்ற சொல்லை அவர் கண் தாண்டிப் போய்விட்டது.

வரும் வழியெல்லாம் மனசு ஜிலுஜிலுவென்றிருந்தது. இளரத்தங்கள் கொத்தும். இவர் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு "பாத்து, பாத்து, மெதுவா" என்பார். போன உத்தியோகம் வீடு தேடித் திரும்பி வருகிறது. சகலையின் பூசணிக்காய்க்குப் பதில் ஒரு வண்டிப் பூசணிக்காயை அனுப்பி, அந்த மனிதரின் சிரிப்பை ஒரு வழி பண்ணிவிடலாம்.

விண்ணப்பத்தை மனைவியிடம் நீட்டினார்.

"நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"இதுல நாலு பக்கம் இருக்கு. படிச்சிட்டுத் தரட்டுமா?"

"எழுதுறவங்க படிச்சாப் போதும்."

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். நடுவில் நிமிர்ந்தாள்.

"எந்தத் துறைப் பிள்ளைங்க வேணும்னு கேட்டிருக்கு."

"நல்லாத் தோண்டுற துறையாப் பாத்துப் போடு."

"நல்லாத் தோண்டித் துருவுற துறையாவே போடறேன்."

"உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டா, முதுகுவலியை மறக்காம எழுது. மண்வெட்டியை என் கைல குடுத்துடப் போறாங்க."

"அதை எழுதாம இருப்பேனா" என்றாள். குரலில் அப்படி ஒரு கனிவு. சூப்பர்வைசர் நாலு பக்கத்திலும் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஒல்லியான பெண், கழுத்தில் அளவுநாடா, கையில் அரைவட்டத்தில் டிகிரி போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி. கூட வந்த பையன் நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே நுழைந்தான், அவ்வளவு உயரம். சூப்பர்வைசர் மனசுக்குள் அவளுக்கு 'டிகிரி' என்றும் அவனுக்கு 'கம்பம்' என்றும் பெயர் வைத்துவிட்டு, பின்பக்கம் அழைத்துப் போய் இடத்தைக் காட்டினார். பழைய குளியலறையை இடித்த செங்கல், உடைந்த டைல்ஸ், இறுகிப்போன சிமென்ட், முழங்கால் உயரக் களை.

"ஆரம்பிக்கலாம்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "மண்வெட்டி கொண்டுவந்தீங்களா?"

"இல்லை சார். உங்க உயரத்துக்கு அளவெடுத்துட்டுத்தான் வாங்கணும்" என்றாள் டிகிரி.

"என் உயரத்துக்கா? தம்பி உயரத்துக்கு வாங்கும்மா. கொத்தப்போறது அவன்தானே."

"அவன் எழுதுவான் சார். கொத்தப்போறது நீங்க."

சூப்பர்வைசர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"நீங்க விவசாயக் காலேஜ்தானே?"

"பிசியோதெரபி சார். மூணாம் வருஷம். நாங்க தோட்டத்துக்காக வரலை, உங்களுக்காக வந்திருக்கோம். தோட்டம் உங்களுக்கு மருந்து."

"எனக்கு முதுகுவலிம்மா."

"அதனாலதான் சார் உங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. பதினோரு வருஷ வலி யாருக்கும் கிடைக்கலை. எங்க வகுப்பே பொறாமைப்படுது."

பின்பக்க ஜன்னலில் மனைவி தெரிந்தாள். கையில் கத்தரிக்கோல். பல்லில் கடித்த நூலோடு புன்னகை செய்தாள். சூப்பர்வைசருக்கு அந்த நிமிஷம்தான் விண்ணப்பத்தின் நாலு பக்கமும் நினைவுக்கு வந்தது. ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

எழுந்திருங்க என்றார்கள். குனியுங்க என்றார்கள். டிகிரி இடுப்பில் கருவியை வைத்து, "நாப்பது" என்றாள். கம்பம் எழுதிக்கொண்டான். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள்.

"எட்டு" என்றார் சூப்பர்வைசர் உறுதியாக. பத்து என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஏழு என்றால் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். எட்டு நல்ல எண்.

"எட்டா இருந்தா மெதுவா ஆரம்பிக்கலாம் சார். இன்னைக்குப் பத்து டைல்ஸ் மட்டும்."

இத்தோடு அவர் வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் கம்பம், "எட்டுன்னா முகம் இப்படி இருக்காதே" என்று சொல்லிவிட்டான். முப்பத்தாறு வருஷம் கணக்கு சுத்தமாக வைத்திருந்த மனிதரின் முகத்துக்கு நேரே சந்தேகம். சூப்பர்வைசர் விறுவிறுவென்று உள்ளே போனார். அந்த விறுவிறுப்பையும் அவன் எழுதிக்கொண்டான். நான்கு நோட்டுகளையும் கொண்டுவந்து நாற்காலிமேல் போட்டார்.

"பாத்துக்கோ. பதினோரு வருஷம். ஒரு நாள் விடலை. எந்த ஆஸ்பத்திரியிலயாவது இப்படி ஒரு பதிவேடு இருக்கான்னு கேட்டு வா."

டிகிரி பக்கத்தைப் புரட்டினாள். அவள் கண் விரிந்தது. "சார், இது பொக்கிஷம்" என்றாள். சூப்பர்வைசருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் அந்தச் சூனியத்தின் கைநேர்த்தியைப் பாராட்டினால் எப்படியோ, அப்படி.

புதன்கிழமை வரைபடத்தோடு வந்தார்கள். ஒரு கோடு மலைபோல ஏறுவதும் மடுபோல இறங்குவதுமாக இருந்தது.

"சார், உங்க வலி எப்ப ஏறுதுன்னு கண்டுபிடிச்சிட்டோம். இருபத்தஞ்சு நாளைக்கு ஒரு தரம் உச்சிக்குப் போகுது."

"அமாவாசை, பௌர்ணமியா இருக்கும்."

"இல்லை சார். சிலிண்டர் வர்ற நாள்."

சூப்பர்வைசருக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. "சிலிண்டர் வர்ற தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா பழைய காலண்டரெல்லாம் குடுத்தாங்க. துணி குடுக்கிற தேதியோட வீட்டு வேலையும் குறிச்சிருக்காங்க. ஒட்டடை நாள், விருந்தாளி நாள், தண்ணித் தொட்டி கழுவற நாள். எல்லாத்துலயும் உச்சி."

"புதன், சனி சாயங்காலம் மட்டும் வலியே இல்லை" என்றான் கம்பம். "இது ஏன்னுதான் புரியலை."

"அது காத்து மாறுற நேரம்" என்றார் சூப்பர்வைசர்.

இரண்டு பேரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். பொல்லாத பிள்ளைகள் இல்லை, நம்பிக்கையான பிள்ளைகள். அதுதான் இன்னும் மோசம். அவர்களுடைய பேராசிரியை அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது முதுகில் இருக்கிற நோயே இல்லை, பாரத்தைக் கண்டால் வருகிற பயம் என்று சொல்லியிருந்தாராம். மருந்து என்ன? பாரம்தான். தினம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி.

முதல் வாரம் டைல்ஸ். இரண்டாம் வாரம் செங்கல். மூன்றாம் வாரம் சிமென்ட் கட்டி. அவர்களும் சும்மா இருக்கவில்லை. இவர் ஒரு கல்லை எடுத்தால் கம்பம் பத்தை எடுத்தான். ஆனால் அந்த ஒன்றை இவர்தான் எடுக்க வேண்டும். "இடுப்பை வளைக்காதீங்க சார், முழங்காலை மடக்குங்க. மூச்சை விடுங்க. பாத்து, பாத்து, மெதுவா" என்றாள் டிகிரி. முப்பத்தாறு வருஷம் தாம் சொன்ன சொல், சுற்றிக்கொண்டு வந்து தம் காதிலேயே விழுந்தபோது, அதைக் கேட்டுக்கொண்டு மூட்டை தூக்கிய மனிதர்கள் தம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று அவருக்கு முதல்தடவையாகத் தெரிந்தது.

நாலாம் வாரம் மண்ணைக் கிளறி, மக்கிய உரம் போட்டு, பாத்தி கட்டினார்கள். தக்காளியும் மிளகாயும் கீரையும் நட்டார்கள். நட்ட நாற்றுகளில் ஒன்று வாடினால் சூப்பர்வைசர் பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் பார்க்காதபோது சப்பணமிட்டு மண்ணில் உட்கார்ந்து களை பிடுங்கினார். ராத்திரி படுத்தால் அடித்துப்போட்டதுபோல் தூக்கம். பசி வேறு. கம்பம் கல்லூரி விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் வசவுகளுக்கு வாய்விட்டுச் சிரித்தார். டிகிரிக்குப் பூச்சி என்றால் பயம் என்று கண்டுபிடித்து, மண்புழுவை எடுத்துக் காட்டி அவளைப் பாத்தியைச் சுற்றி ஓடவிட்டார். செவ்வாய், வியாழனில் வீடு வெறிச்சென்று இருந்தது. அந்தப் பிள்ளைகளை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அவருடைய கட்சிக்கு அது நல்லதில்லை.

ஆனால் எட்டு எட்டாகவே இருந்தது. அதைமட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னைக்கு எத்தனை சார்?"

"எட்டு."

"போன தடவை இருபது செங்கல் தூக்கினீங்களே?"

"எட்டோட தூக்கினேன்."

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை டிகிரி கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து பேசாமல் இருந்தாள். மனைவி கொண்டுவைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

"என்னம்மா, புழு எதுவும் வரலையே?"

"ஒண்ணுமில்லை சார்."

சொன்னது கம்பம்தான். "ரெண்டு வாரத்துல மேடம் வந்து பாப்பாங்க சார். எட்டுல ஆரம்பிச்சு எட்டுலயே நின்னா எங்க வைத்தியம் தப்புன்னு அர்த்தம். இன்னொருத்தரை வெச்சு முதல்லருந்து செய்யணும். ஒரு பருவம் போயிடும்."

"அவ்வளவுதானே? நீயா ஒரு நாலோ அஞ்சோ எழுதிக்கோயேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

டிகிரி நிமிர்ந்தாள். "நீங்க எட்டுன்னு சொன்னா எட்டுதான் சார் எழுதணும். வலிக்கிறவங்க சொல்றதை மாத்தி எழுதக்கூடாது. நீங்க பொய்யா சொல்றீங்க?"

சூப்பர்வைசர் போய் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு அப்போதுதான் ஊற்றியிருந்தார்கள்.

அன்று மாலை முன்னறையில் மனைவி அவருக்குப் புதுச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சிக்கிட்டே போச்சு" என்றாள்.

"நான் என்ன பண்றது? வலிக்குதே."

"பாவம், வலிச்சா சொல்லித்தானே ஆகணும்." துணியை இரண்டாக மடித்து, பின்பக்கத்தைக் கையால் தடவினாள். "மூணாவது வீட்டு அம்மாவுக்கும் முதுகுவலி. ஒரு தோள் இறங்கிடுச்சு. பின்பக்கம் ஒரு விரல் அகலம் அதிகமா வெச்சு வெட்டலேன்னா ரவிக்கை ஒரு பக்கம் தூக்கிக்கும்."

"ஓஹோ."

"உங்க சட்டையைப் பதினோரு வருஷமா நான்தான் தைக்கிறேன். ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சாப்ல இருக்கு. அதிசயமான முதுகு."

"என்ன சொல்ல வர்ற?"

"ஒண்ணும் சொல்லலையே. இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க."

கோத்துக் கொடுத்தார். நூல் நாலு தரம் தப்பிப்போயிற்று. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் பதினோரு வருஷம் கேட்கவில்லை? தெரியாவிட்டால் எதற்கு விரல் கணக்குச் சொல்கிறாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த மனிதருக்கு, தட்டில் சோறே கொஞ்சம்தான் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு நாள் புரண்டு புரண்டு யோசித்தார். வலியை விட்டால் சிலிண்டரும் கேனும் ஒட்டடையும் ஆயுசு முழுக்க வாசலில் வரிசையில் நிற்கும். விடாவிட்டால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு இவர் முதுகில் ஏறி நிற்கும். மூன்றாம் நாள் விடியும்போது யோசனை உதித்தது. ஏன் இரண்டில் ஒன்று? குணமாகிவிடுவோம். பிள்ளைகளுக்கு மார்க் வரட்டும். பருவம் முடியட்டும். பதினைந்து நாள் கழித்து வலி தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? வந்த வலி போகலாம் என்றால் போன வலி வரக்கூடாதா? தம் மூளையை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது.

அன்றிலிருந்து ஏழு என்றார். அப்புறம் ஐந்து. ஒரே பாய்ச்சலாகப் போனால் நம்பமாட்டார்கள் என்று நடுவில் ஒரு நாள் ஆறு என்று சொல்லி அழகு காட்டினார். டிகிரியின் முகத்தில் வெளிச்சம் ஏற ஏற இவருக்கும் உற்சாகம் ஏறியது. ஐந்தை மூன்றாக்கினார்.

பேராசிரியை வந்த நாளில் சூப்பர்வைசர் தம்மை மறந்துவிட்டார். குனிந்து கால் விரலைத் தொட்டார். சப்பணமிட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்தார். பதினைந்து கிலோ உரமூட்டையை முழங்கால் மடக்கித் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கினார். போதும் என்று அவர்கள் சொன்ன பிறகு இன்னொரு சுற்றும் போனார்.

"வலி பத்துக்கு எத்தனை?" என்றார் பேராசிரியை.

"சைபர்" என்றார் சூப்பர்வைசர்.

டிகிரி ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசரும் அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டார். அது நடிப்பில்லை. கம்பம் கைதட்டினான். மனைவி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து நாள் போயிற்று. பதினாறாம் நாள் காலை பத்தரைக்கு வாசலில் சிலிண்டர் வந்து இறங்கியது. சூப்பர்வைசர் குனிந்தார்.

"அம்மா" என்றார்.

பழைய ராகம், பழைய தாளம். ஒரு பிசிறு இல்லை. மனைவி மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"திரும்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. இடது பக்கம்."

"பாவம் அந்தப் பொண்ணு" என்று செல்போனை எடுத்தாள்.

"அவளுக்கு எதுக்குப் போன்? அதான் பருவம் முடிஞ்சுபோச்சே."

"மார்க் இப்போ பாதிதானாம். ஆறு மாசம் வலி திரும்பலேன்னாத்தான் மீதி. அந்த மேடம் அன்னைக்கே சொன்னாங்க, நீங்க ரெண்டாவது சுத்துப் போயிருந்தப்ப."

சூப்பர்வைசர் பாதி குனிந்தபடியே நின்றார். "அந்த ஆறு மாசம் முடிஞ்சா?"

"அடுத்த வருஷப் பிள்ளைங்க வருவாங்க. மூணு வருஷத்துக்கு நாலு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. கூப்பிடட்டுமா, வேணாமா? பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கும்."

சூப்பர்வைசர் முழங்காலை மடக்கினார். மூச்சை விட்டார். சிலிண்டரைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் தோட்டத்துக்குப் போனார். தக்காளி நாலு பழுத்திருந்தது. டிகிரி வந்தால் கொடுக்கலாம் என்று அவற்றைப் பறிக்காமல் விட்டார். அங்கேயே களை பிடுங்கினார், பிடுங்கக் களை இல்லாமல் போகும்வரை.

உள்ளே வந்தபோது சாய்வு நாற்காலியில் மனைவி படுத்திருந்தாள். கால் இரண்டும் ஸ்டூலின்மேல். வலது முழங்காலில் வெந்நீர்ப் பை.

"என்னாச்சு?"

"மூட்டுவலி."

"எப்பலருந்து?"

"காலைல பத்தரைலருந்து."

"விடிஞ்சதும் துணி காயப்போட மாடிப்படியில ஓடினியே?"

"அதனாலதான் இருக்கும்."

சூப்பர்வைசர் நின்று பார்த்தார். இந்தத் தொழிலில் பதினோரு வருஷ அனுபவம் அவருக்கு. முனகல் ஒரு சுருதி மேலே இருந்தது. புருவம் நெரியவேண்டிய அளவுக்கு நெரியவில்லை. கைகழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது வெந்நீர்ப் பை இடது முழங்காலுக்கு மாறியிருந்தது. அடிப்படையே தெரியாத கற்றுக்குட்டி வேலை. ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா? அவருக்கு ரத்தம் கொதித்தது.

"இது நடிப்பு" என்றார். "சுத்தமான நடிப்பு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டேன்."

மனைவி கண்ணைத் திறந்தாள். கோபப்படவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு அன்பாக அவரைப் பார்த்ததில்லை.

"அப்படியா? வலியை எப்படி நடிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

சூப்பர்வைசர் சமையலறைக்குள் போய், அங்கிருந்து தலையை மட்டும் நீட்டி, "அரிசி எத்தனை டம்ளர்?" என்று கேட்டார்.